பயந்த ஷெல்டர் பூனைக்குப் பொறுமையான வீடு தேடுவது எப்படி: சென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஷெல்டருக்கு வருகிறவர்கள் தானாக ஓடிவந்து காலைச் சுற்றும் பூனையைத்தான் கேட்கிறார்கள். கூண்டின் பின்மூலையில், காதைப் படியவைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனையை யாரும் கேட்பதில்லை. குட்டிகள் வந்த வேகத்தில் போய்விடும். இவை வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட பூனைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைச் சென்னையில் ஆரம்பித்தபோது, எதை முதலில் செய்வது, என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று எடுத்துச் சொல்ல ஆளே இல்லை. நிறைய அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஷெல்டரில் தன்னார்வலராக இருந்தாலும், வேறு வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக ஃபாஸ்டராக வீட்டில் வைத்திருந்தாலும், தெருவிலிருந்து நீங்களே எடுத்து வந்திருந்தாலும் வழி ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரப்படாதீர்கள். ஊசி, கருத்தடை, புண் ஆறும் காலம் இவை மட்டுமே சேர்ந்தால் சுமார் இரண்டு மாதம். வீடு தேடுவதை அந்த இரண்டு மாதத்திலேயே தொடங்கலாம், ஆனால் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

1. பயமா, பழக்கமே இல்லையா என்று பாருங்கள்

இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பூனைக்குட்டி பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள்தான் மனிதக் கையும் குரலும் அதற்குச் சுலபமாகப் பழகும். அந்தக் காலத்தில் மனிதரையே பார்க்காமல் வளர்ந்த பெரிய பூனைக்கு வீடு என்பது பெரும்பாலும் சிறைதான். அதற்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, சோறு வைக்கும் ஆள் இருக்கும் அதன் பழைய தெருவிலேயே விடுவது நல்லது. யாரோ வளர்த்துக் கைவிட்ட பூனையும் முதல் சில வாரம் அதே மாதிரிச் சீறும், அறையும், சாப்பிடாமல் கிடக்கும். ஆனால் அது மெல்ல மனிதரிடம் திரும்பி வரும்.

வித்தியாசம் தெரிய, பழைய போன் ஒன்றைக் கேமராவாக வைத்து இரவில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆள் இல்லாதபோது வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதா, கூண்டுக் கம்பியில் கன்னத்தைத் தேய்க்கிறதா, நீங்கள் விட்டுவந்த துண்டின்மேல் போய்ப் படுக்கிறதா? அப்படியென்றால் நம்பிக்கை உண்டு. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஒரு நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கூண்டில் மறைந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கட்டாயம் வையுங்கள். பெட்டி வைத்தால் ஒளிந்தே பழகிவிடும் என்று பல ஷெல்டர்களில் எடுத்துவிடுகிறார்கள். நடப்பது நேரெதிர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஷெல்டருக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளியப் பெட்டி கிடைத்தவைதான் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தெளிந்தன.

2. மருத்துவம், செலவு, காலம்

பூனையை எடுத்த உடனே குடல்புழு மருந்து, அப்புறம் ட்ரைகேட் எனப்படும் மூன்று நோய்த் தடுப்பூசி. வளர்ந்த பூனைக்கு முன்பு போட்டதற்குச் சான்று இல்லையென்றால் 3 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. சென்னையில் தனியார் கிளினிக்கில் ஓர் ஊசிக்கு ஏறக்குறைய 800 முதல் 1,200 ரூபாய் ஆகிறது. ரேபிஸ் ஊசி 3 மாத வயதுக்கு மேல் போடலாம், அது இதைவிட விலை குறைவு. இரண்டாவது ட்ரைகேட்டுக்குப் பிறகு கருத்தடை. பெண் பூனைக்குத் தனியாரிடம் 4,000 முதல் 8,000 வரை கேட்கிறார்கள், ஆணுக்குக் குறைவு. விலங்கு நல அமைப்புகள் மூலம் போனால் இதில் நிறைய மிச்சமாகும், ஆனால் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள் ஓய்வு. காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஏற்கெனவே ஆகியிருக்கலாம், வயிற்றைத் திறக்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

எய்ட்ஸ் மாதிரியான எஃப்ஐவி, ரத்தப் புற்று வைரஸான எஃப்இஎல்வி இரண்டுக்கும் ஒரே கிட்டில் சோதனை உண்டு. போகப்போகும் வீட்டில் வேறு பூனை இருந்தால் இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். நம் ஆளுக்கு நோய் இருந்து அங்கே பரவினால் இரண்டு பூனைக்கும் கஷ்டம்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் கூட்டமும் நாய்களின் சத்தமும் அதிகம். பயந்த பூனையை அங்கே கொண்டுபோனால் கேரியரின்மேல் கெட்டித் துண்டு போர்த்தி, தரையில் வைக்காமல் மடியிலோ பெஞ்சிலோ வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேரே நாய் மூக்கு வராமல் இருந்தாலே பாதி நடுக்கம் போய்விடும். பூனை மிகவும் மிரள்கிற ரகம் என்றால், கிளம்பும் முன் கொடுக்க, பதற்றத்தைக் குறைக்கும் காபாபென்டின் மருந்தை எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் எழுதித் தரும் அளவு மட்டும். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் தொடவே வேண்டாம், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

3. காகிதங்களை ஒரே ஃபைலில் சேருங்கள்

ஊசிச் சான்று அட்டை, கருத்தடை பில், சோதனை முடிவு, பூனையின் முகமும் முழு உடம்பும் தெரியும் இரண்டு படம், எடுக்கப்பட்ட இடமும் மாதமும். ஊசி அட்டையில் மருந்தின் ஸ்டிக்கரும் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கிளினிக்கிலேயே பாருங்கள். ஒரு கிளினிக்கில் ஸ்டிக்கர் ஒட்டாமல் தேதி மட்டும் எழுதிக் கொடுத்ததால், அதே பூனைக்கு வேறு இடத்தில் மறுபடி முதலிலிருந்து ஊசி போட வேண்டியதாயிற்று.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வீடு என்றால் செல்லப்பிராணி உரிமத்துக்கு மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ரேபிஸ் ஊசிச் சான்று, முகவரிச் சான்று, உரிமையாளர் படம், பிராணியின் படம் இவை கைவசம் இருக்க வேண்டும். மைக்ரோசிப் பற்றிய விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே வருவதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் பார்த்துவிடுங்கள். உரிமம் தத்தெடுப்பவர் பெயரில்தான் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் எடுத்து வைக்காதீர்கள்.

4. விளம்பரத்தில் பயத்தை மறைக்காதீர்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். ‘அமைதியான பூனை’, ‘கொஞ்சம் கூச்சம்’ என்று எழுதினால் நிறைய அழைப்பு வரும். வருகிறவர்கள் எல்லாரும் மடியில் ஏறும் பூனையை எதிர்பார்த்து வருவார்கள். பத்தாம் நாள் ‘இது எங்ககிட்ட ஒட்டவே இல்லை’ என்று போன் வரும். உண்மையை அப்படியே எழுதினால் அழைப்பு குறையும், ஆனால் வரும் அழைப்பு உருப்படியாக இருக்கும். நான் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்:

“மல்லி, சாம்பல் வரிப்பூனை, வயது சுமார் 3, கருத்தடையும் ஊசிகளும் முடிந்தன. மனிதரைக் கண்டால் ஒளிந்துகொள்வாள். கையால் தொட இன்னும் விடுவதில்லை. கடித்ததில்லை, நெருங்கினால் சீறுவாள். இரவில் வெளியே வந்து பந்து விளையாடுவாள். எதிரில் உட்கார்ந்து கரண்டியில் சிக்கன் நீட்டினால் நக்குவாள். மடியில் வர மாதங்கள் ஆகலாம், வராமலே போகலாம். சின்னக் குழந்தைகளும் நாயும் இல்லாத, வலை அடித்த வீடு வேண்டும்.”

‘வராமலே போகலாம்’ என்ற வரியை எடுத்துவிடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். எடுக்காதீர்கள். அதைப் படித்த பிறகும் கூப்பிடுகிறவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

படத்துக்குக் கூண்டுக்குள் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், கண் விரிந்து பேயறைந்த மாதிரி விழும். இரவுக் கேமராவில் விளையாடும் பத்து விநாடி வீடியோ எந்தப் படத்தையும்விட வேலை செய்யும். ‘இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போடாதீர்கள். பூனையைப் பிடித்து விற்கிறவர்களும், வேறு பிராணிக்கு இரையாக்குகிறவர்களும் தேடுவது அந்தச் சொல்லைத்தான். கறுப்புப் பூனையை மட்டும், அதுவும் உடனே வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

5. போனில் கேட்க வேண்டியவை

‘பூனை பிடிக்குமா’ என்று கேட்டால் எல்லாரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: “ஆறு மாதம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தால் என்ன செய்வீர்கள்?” ஒரு பையன் சொன்னான், “ரெண்டே நாள்ல பழக்கிடுவேன்க்கா, நிறைய பூனை பார்த்திருக்கேன்.” நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ரிட்டயர் ஆன ஓர் அம்மா, அம்பத்தூரிலிருந்து, “இருக்கட்டுமேம்மா, அதுக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வரட்டும், சோறு வைக்கிறது நம்ம வேலை” என்றார்கள். மற்ற கேள்விகளை அவரிடம் மேலும் கேட்டேன்.

அந்த மற்ற கேள்விகள்: வீட்டில் எத்தனை பேர், எல்லாருக்கும் சம்மதமா? சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டு உரிமையாளர் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அபார்ட்மென்ட் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்று இருந்தால் கடைசியில் வெளியே போவது பூனைதான். அடுத்த ஒரு வருடத்தில் கல்யாணம், பிரசவம், வீடு மாற்றம், வெளிநாட்டு வேலை ஏதாவது உண்டா? ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? மாதம் எவ்வளவு செலவு செய்ய முடியும்? உணவு, மணல், மருத்துவத்துக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயாவது ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இளம் தம்பதி, பெரிய வீடு, நிறையப் பணம் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் சமைத்து, மாலையில் வீட்டில் இருக்கிற ஒற்றை ஆள் பயந்த பூனைக்குப் பெரும்பாலும் பொருத்தமாக இருப்பார். அமைதியான, பழகிய இன்னொரு பூனை அங்கே இருந்தால் பல சமயம் அதைப் பார்த்தே நம் பூனை வெளியே வரும். ஆனால் முதல் இரண்டு வாரமாவது தனி அறை இருக்க வேண்டும். அந்த வீட்டில் சமீபத்தில் ஏதாவது பூனை பான்லுகோபீனியா என்ற தொற்றுநோயில் இறந்ததா என்றும் கேளுங்கள். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும், ஊசி முடியாத பூனையை அங்கே அனுப்பக் கூடாது.

6. வீட்டைப் போய்ப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்

வீடியோ காலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். நேரில் போங்கள், குனிந்து பாருங்கள், அண்ணாந்து பாருங்கள். நம் ஊர் ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் பூனையின் தலை நுழையும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வாசல் இரும்பு கேட்டும் அப்படியே. பாத்ரூம் வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய ஓட்டை, ஏசி பைப் போகும் சந்து இவற்றை அடைக்கச் சொல்லுங்கள். பால்கனிக்குப் புறாவுக்கென அடிக்கும் நைலான் வலையைப் பூனை கடித்து அறுத்துவிடும், துருப்பிடிக்காத எஃகு வலை நல்லது. சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். வலை அடித்து முடித்த படம் வந்த பிறகுதான் நாள் குறிக்க வேண்டும். ‘வந்ததும் அடிச்சுக்கலாம்’ என்றால் வேண்டாம். பயந்த பூனை தப்பிப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான்.

பரண் இருக்கிறதா? மிரண்ட பூனை அங்கேதான் ஏறும், இறக்குவதற்குள் எல்லாருக்கும் கீறல் விழும். முதல் மாதம் பூனையை வைக்கும் அறையில் பரண் இல்லாமலோ, கதவு போட்டோ இருக்க வேண்டும்.

தரை துடைக்க என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அதேபோல நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அருகில்கூட வரக் கூடாது. பூச்செண்டில் வரும் லில்லியும் அப்படித்தான், மகரந்தமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

7. எந்த மாதம் கொடுப்பது

தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெடிச் சத்தம் அன்றைக்கு மட்டும் வருவதில்லை, பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடும். புது வீட்டில் இடமே பழகாத பூனை அந்தச் சத்தத்தில் பீதியடைந்து எதிலாவது புகுந்துவிடும். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி வீட்டெதிரே கட்டப்படும் தெரு என்றால் அதையும் தவிர்க்கலாம். கோடை விடுமுறையில் பேரக்குழந்தைகள் வந்து நிற்கும் வீட்டுக்கு ஜூனுக்குப் பிறகு கொடுங்கள். பொங்கல் முடிந்த பிறகு பிப்ரவரி, மார்ச் மாதங்கள் எனக்கு எப்போதும் கைகொடுத்தவை: அதிக வெயிலும் இல்லை, பண்டிகையும் இல்லை.

8. ஒப்படைக்கும் நாள்

எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். சாதாரணத் தாள் போதும். இரு தரப்பு பெயர், முகவரி, போன், பூனையின் அடையாளம், கொடுத்த காகிதங்களின் பட்டியல், பிறகு நிபந்தனைகள்: வெளியே விடக் கூடாது, வருடாந்திர ஊசி போட வேண்டும், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும். பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் நகலே போதும்.

பணம்: நான் தத்துக் கட்டணம் வாங்குவதில்லை, அடுத்த ஊசியும் வலையும் அவர்கள் செலவு. சில அமைப்புகள் மருத்துவச் செலவில் ஒரு பங்கு வாங்குகின்றன, அதில் தப்பில்லை, ரசீது மட்டும் கொடுங்கள். நேரில் பார்க்காமலே ‘டெலிவரிக்கு’ முன்பணம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

மேல்பக்கம் திறக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கேரியர் வாங்குங்கள். கதவில் இரண்டு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். அட்டைப்பெட்டி, பிரம்புக் கூடை, துணிப்பை எதுவும் வேண்டாம், நடுச்சாலையில் ஆட்டோவிலிருந்து குதித்த பூனையைத் தேடிப் பிடிப்பது அநேகமாக முடியாது. முந்தைய இரண்டு வாரமும் கேரியரைக் கூண்டுக்குள்ளேயே திறந்து வைத்து அதற்குள் சோறு வையுங்கள், பிடிக்கும் வேலையே இருக்காது. விடியற்காலையில் கிளம்புங்கள்.

கூடவே கொடுத்தனுப்ப வேண்டியவை: ஷெல்டரில் போட்ட மணலில் இருந்து ஒரு பை, அது படுத்த துவைக்காத துண்டு, ஒரு வாரத்துக்கு அதே உணவு. ஷெல்டரில் ஆற்று மணலில் போய்ப் பழகிய பூனை கடையில் வாங்கும் வாசனைக் கட்டி மணலைக் கண்டு மூலையில் போகும். பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக மாற்றச் சொல்லுங்கள்.

9. முதல் மூன்று மாதம்: நீங்கள் என்ன சொல்லித் தர வேண்டும்

ஒரே ஓர் அறை. முழு வீட்டையும் திறந்துவிடக் கூடாது. ஒளிய ஓர் இடம், மணல் தட்டு ஒரு மூலை, சோறும் தண்ணீரும் எதிர் மூலை. எவர்சில்வர் தட்டு வேண்டாம், தரையில் உரசும் சத்தத்துக்கே ஓடிவிடும். பீங்கான் தட்டு வாங்கச் சொல்லுங்கள். சமையலறைக்கு அடுத்த அறையாக இருந்தால் குக்கர் விசில் நேரத்தில் கதவைச் சாத்துவது நல்லது.

அந்த அம்பத்தூர் அம்மா செய்தது இதுதான்: தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் வேகவைத்த சிக்கனை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் உதிர்த்துக் கட்டிலடியில் வைப்பார்கள். பிறகு கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டு வாசிப்பார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தட்டைச் சில நாளைக்கு ஒருமுறை ஒரு விரற்கடை வெளியே இழுத்து வைப்பார்கள். பூனை முழுவதுமாக வெளியே வந்து சாப்பிட மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் முதலில் தொட்டது பூனைதான், பேப்பரின் ஓரத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் அதையே திருப்பிச் செய்யும் என்பதை இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தினமும் இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள், காசு செலவில்லை. விருந்தாளி வந்தால் ‘எங்க பூனையைக் காட்டு’ என்று கட்டிலடியில் டார்ச் அடிப்பார்கள், அதை அனுமதிக்கவே வேண்டாம். ஒளிந்த பூனையைக் கையை விட்டு இழுக்கவும் கூடாது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ரேபிஸ் ஊசி அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.

எப்போது உடனே கூப்பிட வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு நாள் முழுக்க எதுவுமே தொடவில்லை என்றால் கல்லீரல் பாதிக்கும், குறிப்பாகக் குண்டான பூனைக்கு. ஆண் பூனை 24 மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் அது அவசரம், ராத்திரியானாலும் டாக்டரிடம் போக வேண்டும். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலும் அப்படியே.

முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை நீங்கள் பேசுங்கள். ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். ‘நேத்து எவ்வளவு சாப்பிட்டாள், மணலில் எத்தனை உருண்டை’ என்று கேளுங்கள்.

10. திரும்பி வந்தால்

வரும். நல்லவர்கள் வீட்டிலிருந்தும் வரும், உடம்பு முடியாமல் போகும், வேலை போகும். கோபப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், திட்டினால் அடுத்தவர் சொல்லாமல் தெருவில் விட்டுவிடுவார். பூனை அங்கே இருந்த நாட்களில் என்னென்ன செய்தது என்று அவர்களிடமே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: எங்கே தூங்கியது, எந்தச் சத்தத்துக்குப் பயந்தது, யாரிடம் முதலில் வந்தது, எது பிடித்தது. வந்ததும் மற்றப் பூனைகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வைத்து, சாப்பாடு ஒழுங்கானதும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு விளம்பரத்தைத் திருத்தி எழுதுங்கள். போன தடவை ‘தொட விடுவதில்லை’ என்று எழுதிய இடத்தில் இந்தத் தடவை ‘சாப்பிடும்போது முதுகைத் தடவ விடுவாள்’ என்று எழுத முடியும். ஊசி அட்டையில் அடுத்த தேதி எப்போது என்று பார்த்து, அந்த ஊசியை முடித்துவிட்டே மறுபடி விளம்பரம் போடுங்கள்.